வெறும் வயிற்றில் மாத்திரை

என்னங்க,

வணக்கம். நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் தங்கை நேற்று போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"அண்ணி, அண்ணன் தையல் மெஷின் மேலேயே மயங்கி விழுந்துட்டாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருக்காரு."

உங்களைக் கூப்பிட்டால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

இட்லி சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் என்று யாரோ சொன்னார்களாம். உடனே காலைச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தீர்களாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்! வயிற்றில் ஒன்றுமே இல்லாவிட்டால் அந்த மாத்திரை ஆளையே கவிழ்த்துவிடாதா? டாக்டர் இட்லியை விடச் சொன்னாரா? ஆறு இட்லியை இரண்டாக்கி, காய் நிறையப் போட்ட சாம்பாரும் ஒரு முட்டையும் சேர்த்துக்கொள்ளத்தானே சொன்னார்?

இந்தக் கோபத்தில் இங்கே நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டியை வைத்தபடியே நின்றுவிட்டேன். மேற்பார்வையாளர் கத்தினார். வேலை போகவில்லை, கவலைப்படாதீர்கள்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாளிலிருந்து, சாப்பிட உட்காரும்போது தட்டுக்கு எதிரே போனைச் சாய்த்து வைத்து வீடியோவில் கூப்பிடுங்கள். நானும் என் காய்ந்த ரொட்டியோடு உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை பேச வேண்டாம், எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. நீங்கள் மென்று விழுங்குவது தெரிந்தால் போதும். எதிரே ஆளில்லாமல் எனக்கும் சாப்பாடு இறங்குவதில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. முட்டை வாங்கி வையுங்கள்.

கோபம் தீராத,
உங்கள் வீட்டுக்காரி