நாங்க இல்லீங்க, நாம

எருமப்பட்டி,
14.12.1986

அன்பு மனைவி சாரதாமணிக்கு,

சென்னியப்பன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பாப்பாவும் பண்ணைக் கோழிகளும் சுகம். மெட்ராஸில் நீ சுகமாக இல்லை என்பது கடிதத்தின் முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. பாப்பாவின் காதுகுத்துக்குத் தை மாதம் வருகிறேன், வந்தால் திரும்பிப் போக மாட்டேன், எம்.இ.யும் வேண்டாம் கம்ப்யூட்டரும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். முதலில் இங்கே நடந்த கூத்தைக் கேள்.

நீ அனுப்பிய கட்டுரையின் ஜெராக்ஸ் என் சட்டைப் பையிலேயே இருந்தது. தமிழ்ப் பெயர்களைக் கம்ப்யூட்டரை வைத்து அகர வரிசையில் அடுக்கும் புது முறை என்று தலைப்பு, அதற்குக் கீழே உன் பெயர் மட்டும். தீவனக் கடை, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று யார் கிடைத்தாலும் எடுத்துக் காட்டினேன். பெருமை தாங்கவில்லை, என்ன செய்ய? ரெவின்யூ ஆபீசில் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் தெரிந்தவர் என்று நம் சின்னுசாமி சித்தப்பாவிடம் கொடுத்தேன். அதுதான் வினையாகிப் போனது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். படித்துவிட்டு, “ஏப்பா சென்னியப்பா, மேல பேரு ஒண்ணுதான் இருக்குது. உள்ளார பூராவும் ‘வி’, ‘வி’ன்னு நாங்க பாத்தோம், நாங்க செஞ்சோம்னு போட்டிருக்குதே. கூட இருக்கறது ஆருப்பா?” என்று தீவனக் கடையில் நாலு பேர் நடுவே கேட்டார். அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் அந்தக் கேள்வி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. “பொம்பளப் புள்ளய அத்தன தூரம் உட்டது தப்பு சாமி, போயிக் கூட்டிக்கிட்டு வந்துரு” என்று அம்மா ஒரே அழுகை.

அதனால்தான் போன கடிதத்தில் அந்த ‘வி’ யாரென்று கேட்டேன். உன்மேல் சந்தேகமா என்று கோபித்திருக்கிறாய். சந்தேகம் எல்லாம் ஒன்றுமில்லை சாரதா. சித்தப்பாவின் வாயை அடைக்க எனக்கு ஒரு பதில் தேவைப்பட்டது, அவ்வளவுதான். நீ அனுப்பினாயே பாரு ஒரு பதில்! ஆராய்ச்சிக் கட்டுரையில் ‘நான்’ என்று எழுதுவதில்லை, எழுதுகிறவரும் படிக்கிறவரும் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவதாக நினைத்து எழுதுவதுதான் அந்த ‘வி’, தமிழில் சொன்னால் நாங்கள் இல்லை, நாம் என்று எழுதியிருந்தாய். படித்தவுடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சித்தப்பாவிடம் போனேன். “அது நாங்க இல்லீங்க சித்தப்பா, நாம. நீங்க படிச்சீங்கன்னா நீங்களும் அதுல சேத்திங்க” என்றேன். மனுசன் கட்டுரையை மறுபடியும் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது அவர் தொல்லை தாங்க முடியவில்லை. “எம்பட மருமவ எழுதுன ஆராய்ச்சில நானும் இருக்கறனப்பா” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அம்மாவிடமும் அவரே வந்து விளக்கிவிட்டுப் போனார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்படியானால் தானும் அதில் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அழுகை நின்றது.

இனி உன் புரொபசர் விஷயத்துக்கு வருகிறேன். ‘மிகவும்’, ‘அற்புதமாக’ என்று நீ எழுதியதையெல்லாம் சிவப்பு மையில் அடித்துவிட்டு, எவ்வளவு என்று எண்ணில் சொல் என்றாராம். சொல்லட்டும். எனக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது: நீ மிகவும் அற்புதமானவள். ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கோழிகள் மிரண்டுவிட்டன. சோதனைக்கு என்று நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளை வாரிக்கொண்டு போய், அவற்றிலிருந்த பெயர்களை எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டாயே! தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து, நம் பங்காளிகளில் பாதிப் பேர் சென்னியப்பன், சென்னியம்மாள், மீதிப் பேர் சின்னுசாமி, சின்னம்மாள். கோயிலில் நின்று ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு கும்பலே திரும்பிப் பார்க்கும். பெயர்கள் ஒரே மாதிரி தொடங்கினால் உன் முறை வேகமாக ஓடும். அதனால் வந்த வேகத்தை முறையின் வெற்றி என்று எழுதிவிட்டாய். இது தமிழர்களை அடுக்குகிற முறையா, உன் சொந்தக்காரர்களை அடுக்குகிற முறையா என்று அவர் கேட்டது நியாயம்தானே? இதற்குப் போய் ஹாஸ்டலில் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்களா?

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். “அப்ப நாமன்னு எழுதிப்போட்டு நாங்க மட்டும் உள்ளார உக்காந்துக்கிட்டமா?” என்று எழுந்து நின்றுவிட்டார். மறுநாள் சேலத்துக்கு முட்டை ஏற்றிப் போன வண்டியில் அவரும் வந்தார். நம்மிடம் முட்டை வாங்கும் யாகப்பனை உனக்குத் தெரியும். அவர் சம்சாரம் மரியபுஷ்பம் எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, அவர்கள் மாதாகோயில் தெருவில் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனார். கஸ்பார், அன்னாள் என்று சித்தப்பா எழுத எழுத, “இப்படியெல்லாம் பேரு இருக்குதுங்களா!” என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம் ஓமலூர் சந்தை, வருகிற வழியில் ராசிபுரத்தில் பட்டு நெய்கிற தெருக்கள். மசூதித் தெருவில் கேட்டபோது எதற்கு என்று விசாரித்தார்கள். சித்தப்பா, நாம ஒரு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கிறோம் என்றார். எல்லாப் பெயர்களையும் ரெவின்யூ ஆபீஸ் கையெழுத்தில் அவரே எழுதித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறார். வந்ததும் மறுபடியும் ஓட்டிப் பார்.

வேகம் குறைந்தால் குறைந்தது என்றே எழுது. முறை எங்கே ஓடவில்லை என்று புரொபசர் ஒரு பக்கம் எழுதச் சொன்னது உனக்கு அவமானமாக இருக்கிறது என்றாய். நம் பண்ணைக்குத் தீவனம் விற்க எத்தனையோ பேர் வருகிறார்கள். தன் தீவனத்தைத் தின்று எந்தக் கோழி முட்டை வைக்கவில்லை என்று ஒருவனும் சொன்னதில்லை. சொன்னால் அவனிடம்தான் வாங்குவேன். நீ எழுது. அந்தப் பக்கத்தைத்தான் நான் இனிமேல் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குக் காட்டப்போகிறேன்.

காதுகுத்தைச் சித்திரைக்குத் தள்ளி வைத்துவிட்டேன். அதற்குள் நீ எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்திருப்பாய். மடியில் உட்கார வைக்கப்போகிற உன் அண்ணனும் சரியென்றுவிட்டார். அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறார், நான் பார்த்துக்கொள்கிறேன். பாப்பா உன் பெயரை எழுதப் பழகிவிட்டாள். துணைக்காலை மட்டும் விட்டுவிட்டுச் சரதமணி என்று எழுதுகிறாள். நான் திருத்தவில்லை. வந்து நீ திருத்திக்கொள்.

இதற்கு முன் எழுதிய கடிதங்களில் எல்லாம் ‘நாங்கள் அனைவரும் உன்னைத் தேடுகிறோம்’ என்று முடித்திருந்தேன். கட்டுரையில்தான் ‘நான்’ வரக் கூடாது. இது கட்டுரை இல்லை. நான் உன்னைத் தேடுகிறேன் சாரதா, ரொம்பத் தேடுகிறேன். எவ்வளவு என்று எண்ணில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் தைக்கு வராதே. முடித்துவிட்டு வா. குலதெய்வம் உன் கூடவே நிற்கட்டும்.

உன்,
சென்னியப்பன்