இத்தாலிக் கடையில் உன் இடத்துக்கு யார்?

என் அன்பு அண்ணே,

நீ போய் ஒரு மாதமாகிறது. றக்வானையில் மழை விட்டபாடில்லை. நேற்று உன் முதலாளி மேடம் கொழும்பிலிருந்து போன் பண்ணினார். நீ சமைத்த இத்தாலிச் சாப்பாட்டுக் கடையின் சரித்திரத்தை எழுதி வாசல் சுவரில் மாட்டப்போகிறார்களாம். நீ எப்படி அங்கே வந்து சேர்ந்தாய் என்று கேட்டார். என் மகள் செல்வியை எப்போது அனுப்புவாய் என்றும் கேட்டார். பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவர் என்ன எழுதுவார் என்று தெரியும். லீவில் வரும்போதெல்லாம் நீ சொன்ன கதைதானே. தூதரகத்துக்காரர்களும் பெரிய டாக்டர்களும் குடியிருக்கிற தெருவில், மேடத்தின் வீட்டு முன்கூடத்தில் நாலு மேசை போட்டு ஆரம்பித்தது. இத்தாலியில் வேலை செய்து திரும்பிய அவர் கணவர் சமைத்தார். தோட்டம் கூட்டப் போன நீ வெங்காயம் உரித்தாய். அவர் இறந்ததும் கரண்டி உன் கைக்கு வந்தது. வீடு முழுக்கக் கடையானது, மாடி எழும்பியது, வைன் போத்தல்களுக்குத் தனி அறை வந்தது. ஒருமுறை எங்களுக்கும் செய்து காட்டினாயே. ரொட்டியில் தக்காளியைக் கொட்டிக் கொழும்புக்காரனை ஏமாற்றுகிறாய் என்று நம் வரிசைவீட்டு லயமே சிரித்தது.

சண்டைக் காலத்தில் தமிழன் என்று பொலீஸ் உன்னைப் பிடித்துப்போனபோது, கையில் பிசைந்த மா காய்வதற்குள் மேடம் ஓடிவந்து, "மே அப்பே மினிஹா" என்று சிங்களத்தில் சொல்லிக் கூட்டிப்போனார். நம்ம ஆள் என்று அவர் சொன்னதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாய். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போனது, அண்ணே.

அதற்கு முந்தின கதை நம் லயத்தில் இருக்கிறது. அப்பா இளைப்பு முற்றி வேலையை விட்டதும், அவர் இடத்துக்கு வீட்டிலிருந்து ஒரு ஆள் தோட்ட வேலைக்குப் பேர் பதியவேண்டும், இல்லாவிட்டால் குடியிருக்கிற காம்பராவைக் காலி பண்ணவேண்டும் என்று கங்காணி வந்து நின்றார். மூத்தவன் நீ. விடிந்து பார்த்தால் உன் பாய் காலி. பெல்மதுளையில் கொழும்பு பஸ் ஏறினாய் என்று பிறகு தெரிந்தது. அந்த வாரமே என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திக் கொழுந்துக் கூடையைக் கொடுத்தார்கள். இது சுவரில் மாட்டுகிற கதையா?

எனக்குக் கோபம்தான். நீ அனுப்பிய காசில்தான் வீடு நின்றது, செல்வி இரத்தினபுரியில் தங்கி ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறாள். அதற்காகக் கோபம் போய்விடுமா?

உன் கருமாதிக்கு மேடம் வந்தார். கார் ஏறாத மேட்டில் நடந்தே வந்தார். நான் செல்வியைக் கையைப் பிடித்து அவர் முன்னால் நிறுத்தி, அண்ணன் பேருக்கு இவளைப் பதிந்துகொள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். ஒரு ஆள் போனால் வீட்டிலிருந்து இன்னொரு ஆள் போகவேண்டும். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதானே. அவருக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கியதும் சந்தோஷப்பட்டார். பரீட்சையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், கடைக்கு இப்போதே ஆள் வேண்டும் என்றார்.

சனமெல்லாம் கலைந்தபிறகு, செல்வி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"மாமா ஓடிப்போனப்ப உங்கள பதிஞ்சாங்க. இப்ப மாமா செத்துட்டாருன்னு என்னய பதியிறீங்க. நான் எங்கம்மா ஓடுறது?"

பேர் பதிய அப்பா என்னைத் தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டிப்போன அன்று இப்படி ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அழுதேன். உனக்காக அழுகிறேன் என்று அக்கம்பக்கம் நினைத்தது.

இன்று காலை மேடத்துக்கு நானே போன் போட்டேன். செல்வி வரமாட்டாள் என்றேன். நீ எப்படி வந்து சேர்ந்தாய் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். சரி என்றார். எழுதுவாரோ மாட்டாரோ. செல்வியின் படிப்புக்கு இனி என்ன செய்யப்போகிறேன்? ஞாயிற்றுக்கிழமையும் கொழுந்துக்குப் போகவேண்டியதுதான். உடம்பு அசந்துபோய்க் கிடக்கிறது, அண்ணே.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். உன் அடுப்புக்கு நம் வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள். நாளைக்கு நான் விழுந்தாலும், என் கூடையை எடுக்க என் பிள்ளையை விடமாட்டேன்.

நீ விட்டுப்போன இடத்தில் நிற்கிற
உன் தங்கச்சி ராசாத்தி