இளவரசியின் நீலச் சட்டை

லா சப்பல், பாரிஸ்
12.05.2024

அன்பின் அண்ணைக்கு,

தங்கை ஜெகதீஸ்வரி எழுதுவது. இங்கு நானும் இவரும் மகள் சுபாங்கியும் பிள்ளையார் தயவில் சுகம். நீங்களும் அண்ணியும் மகன் சாருஜனும் அங்கே சுகமாக இருக்க அவரையே மன்றாடுகிறேன். வாட்ஸ்அப் இருக்க இவள் ஏன் பேனை பிடிக்கிறாள் என்று யோசிப்பீர்கள். போன் எடுத்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு உங்களோடு மட்டும் கதைக்க வேண்டியிருக்கிறது.

சுபா பெரியபிள்ளை ஆனதற்கான சாமத்தியவீடு வரும் மாதம் இரண்டாம் திகதி, ஞாயிறு. செவ்ரானில் மண்டபம் எடுத்துவிட்டோம். முழங்கால் ஒப்பரேசன் செய்த கையோடு பிளேன் ஏறக்கூடாது என்று உங்கள் டொக்டர் சொன்னதுதான் பெரிய கவலை. தாய்மாமன் இல்லாமல் ஒரு சாமத்தியவீடா! என்றாலும் நேரலை போடுகிறோம். மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரையில் நீங்கள் தெரிவீர்கள்.

நீங்கள் அனுப்பிய சங்கிலி ஸ்தேனில் இருக்கும் அண்ணியின் தங்கை தர்மிளாவிடம் வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் சார்பில் அவதான் பிள்ளையின் கழுத்தில் போடுவா. “இதோடை சுபா சாருஜனுக்குத்தான் எண்டு சபைக்குத் தெரியட்டும். கலியாணம் பிறகு ஆறுதலாச் செய்யலாம்” என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் வைத்து நீங்கள் போனில் கேட்டீர்கள், நான் ஓம் என்றேன். அந்த ஓமில் மாற்றம் இல்லை அண்ணை.

இனிக் குழப்பத்துக்கு வருகிறேன். ஒரு வருடமாக இந்தப் பெட்டை சாமத்தியவீடே வேண்டாம் என்று நின்றாள். என்னுடைய உடம்பு விசயத்துக்கு ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவதா என்று பிரெஞ்சில் கத்துவாள். மார்ச் மாதம் சங்கிலி விசயத்தைச் சொன்னேன். அன்றைக்குக் கத்தவில்லை. இரண்டு கிழமை என்னோடு கதைக்கவே இல்லை. பிறகு வகுப்போடு லூவர் மியூசியம் போய் வந்தாள். வந்த அன்று பின்னேரம், “ஓம் அம்மா, செய்யுங்கோ. ஆனா சேலைக்குப் பிறகு மாத்துற மூண்டாவது உடுப்பு நான் சொல்லுறதுதான்” என்றாள். எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை.

அவள் கேட்டது ஸ்பெயின் நாட்டு இளவரசி ஒருத்தியின் சட்டை. மார்கரீத்தா என்று பெயர். முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேற்பட்ட கதை. லூவரில் அவளுடைய படம் ஒன்று இருக்கிறது. கதிரையில் ஒரு கை வைத்துக்கொண்டு, சிரிக்காமல் நிற்கிற சின்னப் பிள்ளை. வியன்னாவில் இன்னும் படங்கள் இருக்கின்றனவாம். மூன்று வயதில் ஒன்று, ஐந்தில் ஒன்று, எட்டில் ஒன்று. எல்லாவற்றையும் சுபா போனில் காட்டினாள். எட்டு வயதுப் படத்தில்தான் அந்த நீலச் சட்டை. இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் மேசை மாதிரி விரிந்து கிடக்கிறது. இன்றைக்கு அந்தப் பிள்ளையைக் கோப்பையிலும் தோள்பையிலும் அடித்து விற்கிறார்களாம். அவளுடைய தகப்பன்தான் முதலில் போர்த்துக்கல்லுக்கும் ராசா, அப்படிப் பார்த்தால் போர்த்துக்கேயர் பிடித்து வைத்திருந்த எங்கள் யாழ்ப்பாணத்துக்கும் கொஞ்சக் காலம் ராசா என்று சரித்திரம் படிப்பிக்கும் யூலியன் மாஸ்டர் சொன்னாராம். எனக்கு அது ஒரு சந்தோசமாகவும் இருந்தது.

பத்து வருடமாக ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் கொண்டாட்ட உடுப்புக் கடையில் நிற்கிறேன். பல்லக்கில் வந்த பிள்ளையை உடுத்திவிட்டேன், தாமரைப் பூவுக்குள் இருந்து எழும்பின பிள்ளையையும் உடுத்திவிட்டேன். இப்படி ஒரு சட்டையை ஒருவரும் கேட்டதில்லை. கடையில் கிடந்த பழைய மணவறைத் திரை நீல வெல்வெட். அதை வெட்டித் தைக்கிறேன். உள்கூட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வாங்கி வளைத்தேன். படப்பிடிப்புக்காரத் தம்பி றொபின்சன் பின்னுக்கு அரண்மனைப் படம் அடித்துத் தருகிறேன் என்கிறான். பிள்ளைக்கு ராசாத்தி மாதிரி வர ஆசை, வேறென்ன என்று இவர் சொல்கிறார். எனக்கு என்னவோ அப்படி மட்டும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

உங்கள் காலைக் கவனமாகப் பாருங்கள். பனிக்குள் நடக்கக்கூடாது என்று எழுதவந்தேன், இப்போது பனி இல்லைத்தானே. எனக்கு எல்லாமே குழம்பிப்போய்க் கிடக்கிறது.

அன்புத் தங்கை
ஜெகா


லா சப்பல், பாரிஸ்
05.06.2024

அன்பின் அண்ணைக்கு,

மூன்று நாளாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. அண்ணி மட்டும் ஒரு குரல் பதிவு போட்டா. “ஜெகா, மகளை வைச்சுச் சபையிலை எங்களை வெக்கப்படுத்திப் போட்டாய்” என்று. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது. திரையில் உங்களுக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

தண்ணீர் வார்ப்பு, ஆலாத்தி எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. கூறைச் சேலையில் பிள்ளையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. அங்கே காலை ஏழு மணிக்கே நீங்கள் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு திரையில் இருந்ததைப் பார்த்துச் சனம் கை தட்டியது. அதுவரைக்கும் நல்லது.

பிறகு நீலச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு மண்டபக் கதவுக்குள்ளால் அவளுக்கு நேரே வரமுடியவில்லை, பக்கவாட்டில் நண்டு மாதிரித்தான் வந்தாள். சனம் சிரித்தது, நானும் சிரித்தேன். மேடையில் ஏறி, ஒரு கையைக் கதிரையில் வைத்துக்கொண்டு, நேரே பார்த்தபடி நின்றாள். றொபின்சன் “தங்கச்சி, கொஞ்சம் சிரியுங்கோ” என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பான்! அசையவே இல்லை.

அப்போதுதான் தர்மிளா சங்கிலியோடு போனா. கிட்டப் போக வழியில்லை அண்ணை! முன்னால் போனால் சட்டை முட்டுகிறது. பக்கத்தால் போனால் குழாய் இடிக்கிறது, பின்னுக்கு அரண்மனைப் படம் மறிக்கிறது. கையை நீட்டிப் பார்த்தா, கழுத்துக்கு எட்டவில்லை. “பிள்ளை, கொஞ்சம் குனியம்மா” என்றா. சுபா குனியவில்லை. நான் ஓடிப்போய் மேடைக்குக் கீழே நின்று கெஞ்சினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். நெட் நின்றுவிட்டது என்று நீங்கள் நினைத்தீர்களாம். நெட் நிற்கவில்லை, பிள்ளைதான் அப்படி நின்றாள். கடைசியில் தர்மிளா சங்கிலியைக் கதிரையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டா. சனத்தின் சிரிப்பும் நின்றுபோனது.

வீட்டுக்கு வந்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். கை நீட்டவும் பார்த்தேன், இவர் பிடித்துக்கொண்டார். அவள் அழவில்லை. பள்ளிக்கூடக் கொப்பியைத் திறந்து, லூவர் போய் வந்து தான் பிரெஞ்சில் எழுதியதை எனக்குத் தமிழில் சொன்னாள். இளவரசியின் அந்த மூன்று படமும் சும்மா கீறின படம் இல்லையாம். வியன்னாவில் இருந்த தாய்மாமனுக்கு, உனக்குப் பேசி வைத்த பெண் இப்படி வளர்கிறாள் என்று காட்டுவதற்கு ஒவ்வொன்றாக அனுப்பியதாம். பதினைந்து வயதில் அவருக்கே கட்டிக் கொடுத்தார்கள். கட்டின பிறகும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாளாம். நாலு பிள்ளை பெற்று, ஒன்றுதான் தங்கியது. இருபத்தொரு வயதில் செத்துப்போனாள். நாங்கள் மாமனுக்கா கொடுக்கிறோம், மாமன் மகனுக்குத்தானே, அதுவும் படிப்பு முடிந்த பிறகுதானே என்று நான் சொன்னேன். “அம்மா, நீங்களும் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் என்ர படத்தை மாமாக்கு அனுப்பினீங்கள். அவளை ஒருத்தரும் கேக்கேல்லை. என்னையும் கேக்கேல்லை” என்றாள்.

அண்ணை, அவளுக்குச் சாருஜனில் ஒரு கோபமும் இல்லை. அவனுக்கே இது தெரியுமோ என்றுதான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

மூன்று நாளாகக் கடையில் நின்றாலும் மனம் அங்கே இல்லை. ஒரு நேரம் உங்கள் பக்கம் நியாயம் தெரிகிறது, அடுத்த நேரம் அவள் பக்கம். அப்பா போன பிறகு என்னை வளர்த்தது நீங்கள். சண்டைக்குள் இருந்து என்னை வெளியில் எடுத்ததும் நீங்கள். உங்களுக்குச் சொன்ன சொல்லை மாற்ற நான் யார்? ஆனால் அந்தச் சொல்லைப் பிள்ளையைத் தொட்டிலில் வைத்துக்கொண்டு அவளுக்காக நான் சொன்னேன். அதைச் சொல்லவும் நான் யார்? இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று சுற்றுகிறேன்.

சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒன்று செய்துவிட்டேன். நேற்று ஸ்தேனுக்குப் போய்ச் சங்கிலியைத் தர்மிளாவிடம் திருப்பிக் கொடுத்தேன். பதினாலு வருடத்துக்கு முதல் சொன்ன ஓமையும் இந்தக் கடிதத்தோடு திரும்ப எடுக்கிறேன். சுபா படித்து, வேலைக்குப் போய், அவளுக்கும் சாருஜனுக்கும் தாங்களாகவே விருப்பம் வந்தால், முதல் ஆளாய்ச் சந்தோசப்படுவது நான்தான். வராவிட்டால் நீங்களும் நானும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. இவருக்கும் இதுதான் விருப்பம்.

சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தெரியாது. நீங்கள் என்னை எவ்வளவும் ஏசலாம். கதைக்காமல் மட்டும் இருந்துவிடாதேங்கோ, அதை என்னால் தாங்கேலாது. ஞாயிறு சுபா உங்களுக்குப் போன் எடுப்பாள். மாமாவின் கால் எப்படி என்று கேட்க வேண்டுமாம். தயவுசெய்து எடுத்துக் கதையுங்கள்.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. வவுனியாவில் ஸ்டூடியோவில் என்னை நிறுத்தி ஒரு படம் எடுத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? பாஸ்போட்டுக்கு என்று நினைத்துத்தான் நான் நின்றேன். அது பாரிசுக்குப் போய், இவர் சம்மதம் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இவர் நல்ல மனிதர், அதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் கேட்டிருந்தாலும் நான் அனேகமாக ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

என்றாலும் ஒருக்காக் கேட்டிருக்கலாம் அண்ணை.

நீங்கள் நீடூழி வாழ வேண்டும் என்று கும்பிடும்
உங்கள் தங்கை
ஜெகா