பாத்திமாவை அழைக்காத வெள்ளி

1978 ஆகஸ்ட். வரலட்சுமி நோன்பு வெள்ளி, இரவு.

தாம்பூலத்துக்குக் கட்டடம் முழுவதும் அழைத்த மருமகள், கீழ்வீட்டு பாத்திமாவை மட்டும் விட்டுவிட்டாள். நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளிக்காரிகூட வந்து போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"ரம்ஜான் மாசம் அத்தை. பட்டினி கிடக்கிறவங்களைக் கூப்பிட்டு சுண்டல் வாசனை காட்டறது பாவமில்லையா?" என்கிறாள். இரக்கமாம். இந்த இரக்கத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

போன வருஷமும் பாத்திமா ரம்ஜான் நோன்போடுதான் வந்தாள். பூ வைத்துக்கொண்டாள். சுண்டலை இலையில் பொதிந்து எடுத்துப்போய், நோன்பு திறந்த பிறகு தின்றாள்.

இன்று பாங்கு கேட்டதும் தூக்கில் சுண்டலும் கொழுக்கட்டையும் போட்டுக்கொண்டு இறங்கினேன். பட்டுப்புடவையில் கதவைத் திறந்தாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நினைச்சுட்டாடி, சின்னப் பொண்ணு."

"மத்தியானமே தலைசீவி உக்காந்திருந்தேன் அக்கா. படியில ஒவ்வொருத்தரா ஏறிப் போனாங்க. நான் என்ன, திங்கவா வருவேன்?"

தூக்கை நீட்டினேன்.

உள்ளே போய்த் தூக்கைக் கழுவி எடுத்துவந்தாள். இத்தனை வருஷத்தில் என் வீட்டுப் பாத்திரத்தை அவள் வெறுமையாகத் திருப்பியதே இல்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருவாள். இன்று ஈரம் போகத் துடைத்துத் தந்தாள்.

மாடி ஏறும்போது கையில் கனமே இல்லை.