வலப்பக்க சீட்டில் உட்கார்ந்தவருக்கு

அண்ணே,

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் பழைய கார் ஒன்றைக் கழுவித் துடைத்து, பூச்சரம் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். ஓட்டிப் போக இல்லையாம், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவாம். வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பந்திக்குப் போக மனம் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மாப்பிள்ளையின் தோழன் ஒருவன், "பாட்டி, இதுல ஸ்டீயரிங் ராங் சைடுல கீது பாத்தியா?" என்று சிரித்தான். "உனக்குத்தான்டா ராங் சைடு. எங்களுக்கு அதுதான் சோறு போட்டுச்சு" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியிருக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்கள் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் உங்களிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

அன்றைக்கு எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியும். கிளியனூருக்குப் பக்கத்தில் துண்டு நிலம், மழை பெய்தால் மல்லாட்டைக் கடலை, பெய்யாவிட்டால் கடன். கிணறு வற்றி, உழவு மாட்டையும் விற்றாயிற்று. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன் லாரியில் கிளீனராக இருந்து வண்டி ஓட்டப் பழகியவர். "ஒரு கார் இருந்தா பொழைச்சுக்கலாம்" என்பார். எனக்குச் சிரிப்பாக வரும். கேப்பைக் கூழுக்கு வழியில்லாத வீட்டில் காராம்!

அப்போது பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் ஏற்ற முடியாத கார்களை வந்த விலைக்குத் தள்ளினார்கள். இடப்பக்கம் ஸ்டீயரிங் வைத்த வண்டி என்பதால் நம் பக்கத்துப் பணக்காரர் எவரும் அவற்றைச் சீண்டவில்லை. நீங்கள் வாங்கினீர்கள். கோட்டக்குப்பத்தில் ஜவுளி வியாபாரத்தை மச்சானிடம் விட்டுவிட்டு, தென்னந்தோப்பில் கீற்றுக்கொட்டகை போட்டு, இந்தக் கார்களை வரிசையாக நிறுத்தினீர்கள். பாய்க்குப் புத்தி பிசகிவிட்டது என்று உங்கள் தெருவிலேயே பேசிக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். ரோட்டில் இடது ஓரமாகப் போகிற காரில் ஓட்டுபவரும் இடப்பக்கமே உட்கார்ந்தால், முன்னால் போகிற வண்டியைத் தாண்டும்போது எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. வலப்பக்க சீட்டில் ஓர் ஆள் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் அத்தனை மலிவு. அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டியது.

எங்கள் வீட்டுக்காரர் முதலில் தனியாக வந்து உங்களிடம் கேட்டார். நீங்கள் விலையே சொல்லவில்லை. "வூட்டுல தங்கச்சிய இட்டுக்கினு வா. அதுக்கு அப்புறம் பேசலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டீர்கள். கார் வாங்கப் போகிற இடத்தில் பெண்டாட்டியை எதற்குக் கேட்கிறார் என்று இவருக்கு வழியெல்லாம் எரிச்சல்.

நான் வந்ததும் என்னை வலப்பக்க சீட்டில் உட்காரச் சொன்னீர்கள். அவர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்கார்ந்தீர்கள். "எதிர்ல வர்றதைச் சொல்லும்மா" என்றீர்கள். வாழ்நாளில் முதல் தடவையாகக் காரில் ஏறியவள் நான். சொல்லச் சொன்னால் விடுவேனா? "மாட்டு வண்டி வருது, வெள்ள மாடு, கொம்புல செவப்பு பெயிண்ட்டு அடிச்சுக்கீது, ஓட்டறவரு எங்க ஓர்ப்படியோட தம்பி மாதிரி..." வண்டி எங்களைக் கடந்து போயே விட்டது. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "மாட்டோட நெறம் வேணாம் தங்கச்சி. வருதா, வரலியா? அது போதும்."

திண்டிவனம் போய்த் திரும்புவதற்குள் பழகிவிட்டேன். விலை பேசும்போது நீங்கள் இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, என் முகத்தைத்தான் பார்த்தீர்கள். மல்லாட்டை விளைகிறபோது கொஞ்சம், வாடகை வருகிறபோது கொஞ்சம் என்று கொடுத்தால் போதும் என்றீர்கள். ஒரே ஒரு கண்டிப்பு. நான் இல்லாமல் கார் நகரக் கூடாது. நகர்ந்தால் வண்டி திரும்பத் தோப்புக்கு வந்துவிடும்.

உங்கள் காரை நம்பி எந்த ஊருக்கும் போகலாம், அதை யாரும் மறுக்க முடியாது. எந்தக் காரையும் முதலில் நீங்கள் ஒரு மாதம் படுத்தி எடுப்பீர்கள். தேங்காய் மூட்டை, விறகு, கருவாட்டுக் கூடை என்று எல்லாவற்றையும் ஏற்றி, மேடு பள்ளமெல்லாம் ஓட்டி, எது உடைய வேண்டுமோ அது உங்கள் கையிலேயே உடையட்டும் என்பீர்கள். உடைந்ததை மாற்றி, பளபளப்பான கடிகாரம், விளக்கு, இன்னபிற ஆடம்பரங்களைக் கழற்றி வேறு இடத்தில் விற்று, விலையைக் குறைத்துத் தருவீர்கள். என்ன, கருவாட்டு நாற்றம்தான் போகாது. கோயிலுக்குப் போகிறவர்கள் ஏறுவதற்கு முன் நான் சாம்பிராணி போட்டு மாளாது. அப்படியும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் உட்காருவார்கள்.

"பணக்காரன் கார் வாங்கினா ஷெட்டுல நிக்கும். இல்லாதவன் வாங்கினா ஊரே நகரும். சும்மா நிக்கற காரைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது." இதை நீங்கள் ஒரு தடவை சொன்னீர்கள். சொன்னது போலவே நகர்ந்தோம். பெருமுக்கல் மலையடிவாரம் வரை போய்க் கர்ப்பிணிகளையும் காய்ச்சல்காரர்களையும் ஏற்றிவந்து ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறோம். பணம் இல்லாதவர்கள் மூட்டை மல்லாட்டை கொடுப்பார்கள். அதையும் வாங்கிக்கொண்டோம்.

ஊர் சும்மா இருந்ததா? பொம்பளை முன் சீட்டில் உட்கார்ந்து போகிறாள் என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ஒரு தடவை திண்டிவனத்து மளிகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரை அழைத்துவரப் புதுச்சேரிக்கு வண்டி கேட்டார்கள். முன்னால் பொம்பளை உட்காரக் கூடாது என்று நிபந்தனை. இவர் தலையாட்டிவிட்டு, என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

நீங்கள் கிளியனூர் டீக்கடையில் நின்றிருக்கிறீர்கள். நான் இல்லாமல் கார் போவதைப் பார்த்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் உரல்மேல் உட்கார்ந்துகொண்டீர்கள். மோர் கொடுத்தேன், குடித்தீர்கள். கார் போய்விட்டால் மறுபடி அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போக வேண்டியதுதான் என்று மனசு அடித்துக்கொண்டது.

சாயங்காலம் அவர் வந்தார். காரிலிருந்து இறங்கும்போதே தெரிந்துவிட்டது. அப்போது நம் பக்கம் மதுவிலக்கு, புதுச்சேரிக்குள் நுழைந்தால் திரும்பின பக்கமெல்லாம் கடை. வாடகையில் பாதி அங்கேயே தங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் நல்லவர்தான், கடை இல்லாத ஊரில்.

நீங்கள் திட்டவில்லை. அவர் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தீர்கள். "லாரிய மட்டும் பாக்கறதுக்கா உன்ன உக்கார வச்சேன்? வண்டி எங்க நிக்குதுன்னும் பாக்கணும் இல்ல. இந்த மாதிரி ரெண்டு குடும்பத்துக்குக் கார் குடுத்தேன் தங்கச்சி. ரெண்டும் பாண்டியிலியே கரைஞ்சு போச்சு. மூணாவதும் போக விட மாட்டேன்." அன்று முதல் சாவி என் இடுப்பில். அவர் பல நாள் என்னுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. பசி எடுத்தபோது பேசினார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. உங்களுக்குத் தெரிந்த கதைதான், என் வாயால் ஒரு தடவை கேளுங்கள்.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். பெருமுக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போக எங்கள் வண்டியைச் சொல்லி வைத்திருந்தது. அந்தச் சீசன் வாடகையை நம்பித்தான் உங்களுக்குக் கொடுக்க வேண்டிய தவணை. காலையில் இவர் காரைக் கிளப்ப முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றியபோது, இன்ஜின் திருப்பி உதைத்தது. இரும்பு ஹேண்டில் கையில் அடித்து எலும்பு முறிந்துவிட்டது. ஊரில் யார் வந்து ஓட்டுவார்கள்? இடப்பக்க ஸ்டீயரிங் என்றாலே ஓடிப்போனார்கள். இந்த அமாவாசை விட்டுப்போனால் மற்றவர்களும் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். கடைசியில் கார் தோப்புக்குத்தான் போகும்.

செய்தி கேட்டு நீங்கள் வந்தீர்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து, நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சாவியை நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை.

"களத்துல ஓட்டிப் பழகறியாமே?"

வேலை இல்லாத நாளில் களத்தில் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது உங்கள் காதுக்கும் எட்டியிருந்தது. "களத்துல சுத்தறது வேற, ரோடு வேற அண்ணே" என்றேன்.

"நாலு வருசமா அந்த ரோட்டை என்னை வுட நீதான் பாத்துக்கினு கீற. நீ அந்தாண்ட போய் உக்காரு" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, என் சீட்டில் நீங்கள் ஏறி உட்கார்ந்தீர்கள்.

மறுநாள் காலை நீங்கள் அதே சீட்டில் இருக்க, பெருமுக்கல்காரர்கள் கதவருகே தயங்கி நின்றார்கள். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டு அம்மாள் உங்களைப் பார்த்தாள். பாயே உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்திருப்பாள். "ஆத்தாளப் பாக்கப் போறதுக்குப் பொம்பளை ஓட்டினா என்னா?" என்று முதல் ஆளாக ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள்.

திண்டிவனம் வரை நீங்கள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். வருது, வரல, இரு, போ. செஞ்சி ரோட்டில் திரும்பியதும் சத்தமே இல்லை. முன்னால் ஒரு வைக்கோல் வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு போகிறது. "அண்ணே, எதிர்ல வருதா?" என்றேன். திரும்பிப் பார்த்தால், கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருக்கிறீர்கள்!

"அண்ணே!"

"நீயே எட்டிப் பாத்துக்கம்மா. எனக்கு பயமா கீது."

பின் சீட்டில் வெடித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது. அந்த அம்மாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒண்ணும் வரல, நீ போ தாயி" என்றாள். அதற்குப் பிறகு மேல்மலையனூர் வரை அவளும் அவள் மகள்களும்தான் எனக்குக் கண். நீங்கள் ஓதிக்கொண்டே வந்தீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கோலி சோடா குடித்தீர்கள். "இவ்ளோ பயத்தை வச்சிக்கினு எதுக்கு அண்ணே ஏறினீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஏறலன்னா அவங்க யாரும் ஏறியிருக்க மாட்டாங்க தங்கச்சி."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அப்புறம் லைசென்சுக்கு அலைந்ததும், ரோட்டில் எவனாவது கேலி செய்தால் அவனைப் பிடித்து உலுக்கியதும் நீங்கள்தான். கார் எங்கள் வீட்டிலேயே தங்கியது. இவருடைய கை கூடிய பிறகும் பாதி நாள் நான்தான் ஓட்டினேன். கடன் அடைந்து நிலம் மீண்டது, பிள்ளைகள் படித்தார்கள்.

அண்ணே, தைரியம் சொன்னவர்கள் எனக்கு நிறையப் பேர். தைரியமானவர்களுக்கு அது சுலபம். குலை நடுங்க, என் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையில் கண் கலங்குகிறது.

என் மகள் அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு வந்து திண்டிவனத்தில் தையல் கடை போடப் போகிறேன் என்றபோது, வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. ஊர் என்ன சொல்லும், ஒரு ஆளாவது தைக்க வருமா என்று இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. கடை திறந்த அன்று வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்துகொண்டேன். "உனக்கு பயமா இல்லியா மா?" என்று கேட்டாள்.

"பயமாத்தான் கீது. நீ தையி" என்றேன்.

உங்கள் தங்கச்சி