குடிக்கப்படாது என்று எழுதிய போத்தல்

அக்கா,

இன்று மத்தியானம் யாழ்ப்பாணத்திலிருந்து பார்சல் வந்தது. கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் பல்லால் கடித்துத்தான் கயிற்றை அறுத்தேன். மூன்று சுற்றுப் பத்திரிகைத் தாளைப் பிரிப்பதற்குள்ளேயே மண்ணெண்ணெய் வாசம் வந்துவிட்டது. காலிப் போத்தல்தான். உங்கள் தங்கை அதை நன்றாகக் கழுவியும் இருக்கிறார். ஆனாலும் வாசம் போகவில்லை. இத்தனை வருடம் "நாத்தம், நாத்தம்" என்று உங்களிடம் சண்டை பிடித்தவள், அந்தப் போத்தலை மூக்கருகே வைத்துக்கொண்டு சமையலறைக் கதிரையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. வைத்த சோறு அடிப்பிடித்துவிட்டது.

சிவப்பு அலுமினியப் போத்தல். வாயில் பம்ப். நடுவில், வெள்ளைப் பிளாஸ்டர் ஒரு சுற்று. அதன்மேல் உங்கள் ஆய்வுகூடத்துக் கையெழுத்து: "குடிக்கப்படாது."

அதை எனக்காகத்தான் எழுதினீர்கள் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இப்போது ஒருத்திக்கு.

நாம் அடுப்புத் தேர்ந்தெடுத்த கதையை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். கண்டி வாவியைச் சுற்றிக் காலையில் நடந்துகொண்டிருந்த இரண்டு பொம்பிளைகள். ஒருத்தி பேராதனை கெம்பஸ் ஆய்வுகூடத்தில் வேலை, மற்றவள் மாநகர சபையில் கிளார்க். வாவி சலித்துப்போய் ஹந்தானை மலை ஏறினோம், ஹந்தானை சலித்துப்போய் நக்கிள்ஸ் மலைப் பக்கம் போனோம். பகலில் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுச் சமாளித்தோம். கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்குவது என்று முடிவான பிறகுதான், சுடச்சுடத் தேத்தண்ணி இல்லாமல் நான் வரமாட்டேன் என்றேன். அங்கே தொடங்கியது வினை.

நான் காஸ் அடுப்பு என்றேன். உள்ளங்கை அளவு, டின்னில் திருகினால் எரியும், வேலை முடிந்தது. நீங்கள் எல்லா எண்ணெயிலும் எரிகிற அடுப்புத்தான் என்றீர்கள். மூன்று மாதம் இதே பேச்சு. கட்டம் போட்ட தாளில் ஒரு அட்டவணை கீறிக்கொண்டு வந்தீர்கள்: பாரம், காற்றுக்கு எரியுமா, பழுதானால் நாமே கழற்றலாமா, எரிபொருள் எங்கே கிடைக்கும். கடைசி வரிசையில் "கூட வாறவவின்ட புறுபுறுப்பு" என்று எழுதி, மண்ணெண்ணெய்க்கு நேரே "மிக அதிகம்" என்று போட்டிருந்தீர்கள்.

"காஸ் டின் முடிஞ்சா என்ன செய்வீர்? ஹுன்னஸ்கிரியக் கடையில காஸ் டின் விக்கினமோ? மண்ணெண்ணெய் எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடக்கும்."

"ரெண்டு கோப்பை தேத்தண்ணிக்கு ஒரு டின் முடியுமாக்கா? நாம என்ன கல்யாணத்துக்கா சமைக்கப் போறோம்?"

"முடிஞ்சா எண்டுதான் சொல்லுறனப்பா."

நீங்கள் 'முடிஞ்சா' என்று தொடங்கிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. லண்டனிலிருந்து வந்த உங்கள் மச்சாள்தான் அந்த அடுப்பைக் கொண்டுவந்தார். கூட வந்த புத்தகத்தில் காஸ் டின்னும் மாட்டலாம் என்று போட்டிருந்தது. அதை நான்தான் விரல் வைத்துக் காட்டினேன். "ஓம், தேவைப்பட்டாப் பாப்பம்" என்றீர்கள். உங்களுக்கு அது ஒரு நாளும் தேவைப்படவில்லை.

பஸ்ஸில் எண்ணெய் கொண்டுபோகக் கூடாது என்று காலிப் போத்தலோடு புறப்பட்டு, மலையடியில் ஹுன்னஸ்கிரியவில் இறங்கி, பெட்டிக்கடை முதலாளியிடம் "பூமிதெல்" என்று போத்தலை நீட்டுவீர்கள். உங்களுக்கு வந்த சிங்களத்தில் மிகச் சுத்தமான சொல், மண்ணெண்ணெய்க்கான அந்தச் சொல்தான். பிறகு நடை. பிறகு, காற்று அடிக்காத ஒரு பாறை மறைவில் உங்கள் பூசை தொடங்கும். பாத்திரத்தின் வெளிப்பக்கமெல்லாம் சவர்க்காரம் பூச வேண்டும், கரி பிடித்தாலும் கழுவ லேசு. மண்ணெண்ணெய்க்கு ஒன்று, பெற்றோலுக்கு ஒன்று என்று இரண்டு சின்னப் பித்தளைத் துண்டுகள். சரியானதைத்தான் போட்டிருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பம்ப் அடிக்க வேண்டும். கொஞ்சம் எண்ணெயைக் கசிய விட்டுப் பற்ற வைத்தால் முதலில் மஞ்சளாகப் புகைந்து, கண்ணைக் கரித்து, என் வாயிலிருந்து வரக்கூடாத பேச்செல்லாம் வந்த பிறகுதான் நீலமாகி இரையத் தொடங்கும்.

"பொறும். சூடேற வேணும். அவசரப்பட்டா அது எங்களைத்தான் எரிக்கும்."

நீங்கள் பம்ப் அடிக்க, நான் காற்றுக்குத் தகரம் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பேன். தண்ணி கொதிக்கக் கால் மணித்தியாலம். வேறு போக்கிடம் இல்லாததால் பேசினோம். என் புருசன் போன பிறகு வீட்டில் வானொலியை ஏன் அணைப்பதேயில்லை என்று அப்படி ஒரு கால் மணித்தியாலத்தில்தான் உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஏன் கலியாணம் கட்டவில்லை என்று சொன்னதும் அப்படித்தான். அதை நான் இங்கே எழுதமாட்டேன், பயப்படாதீர்கள்.

பிளாஸ்டர் ஒட்டியது இரண்டாவது பயணத்தில். மூடுபனி, எனக்கு நாக்கு வறண்டுவிட்டது, பக்கத்தில் கிடந்த போத்தலின் பம்பைக் கழற்றி வாயருகே கொண்டுபோய்விட்டேன். ஒரு நாளும் சத்தம் போடாத நீங்கள் போட்ட சத்தத்தில் மலையே திரும்பிக் கத்தியது. போத்தலைப் பறித்து, தண்ணிப் போத்தலை என் கையில் திணித்தீர்கள். அடுத்த முறை பிளாஸ்டரோடு வந்தீர்கள். சட்டமும் போட்டீர்கள்: "இனி போத்தல் என்ட பையில. அடுப்பு உம்மட பையில." அன்றிலிருந்து அப்படித்தான். வீட்டிலும் அப்படியே, அடுப்பு கண்டியில் என் அலுமாரிக்குள், போத்தலும் பம்பும் பேராதனையில் உங்கள் வாடகை வீட்டில். ஒன்று இல்லாமல் மற்றது பழைய இரும்புக்கும் ஆகாது.

காஸுக்கு ஊரே வரிசையில் நின்ற அந்த வருடம் ஞாபகமா? எங்கோ கொஞ்சம் மண்ணெண்ணெய் தேடிப் பிடித்து, போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு, பேராதனையிலிருந்து கண்டிக்கு நடந்தே வந்து நின்றீர்கள். என் சமையலறையில், மலைக்கு வாங்கிய அடுப்பில் பருப்பு வெந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லும்" என்றீர்கள். நான் பருப்புக்கு உப்புப் போட்டேன்.

அக்கா, இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

மழைக்கு முதல் ஒருக்கால் போவோமா என்று கேட்டீர்கள். வாவிப் பக்கம் வாகை மரத்தடி வாங்குப் பலகையில் இருந்தோம். எனக்கு முழங்கால் வலி, அதற்கு முதல்நாள் மகளோடு போனில் ஒரு வாக்குவாதம், எரிச்சலாக இருந்தேன். "அந்த மண்ணெண்ணெய் நாத்தத்தோட இனி என்னால முடியாதுக்கா. காஸ் வாங்குங்க, வர்றேன்" என்றேன். விளையாட்டாகச் சொன்னேன் என்று மனசுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். இல்லை, விளையாட்டாகச் சொல்லவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பம்" என்றீர்கள். அதோடு மலைப்பேச்சு முடிந்தது. மூன்று கிழமையில் நீங்கள் ஆஸ்பத்திரியில். பிறகு இல்லை.

உங்கள் தங்கை வந்து வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். போத்தலைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. செத்த வீட்டில் நின்று ஒரு எண்ணெய்ப் போத்தலைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? அதைவிட, நீங்கள் கூப்பிட்டபோது வராதவளுக்கு அந்தப் போத்தல் எதற்கு?

ஆறு மாதம் வாவிப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் அலுமாரியில் சீலை எடுக்கும்போது அடுப்பு கையில் தட்டுப்பட்டது. போத்தல் இல்லாமல், அதில் காஸ் டின்னை மாட்ட மனம் வரவில்லை. போகட்டும், புதிதாக ஒன்று வாங்குவோம் என்று டவுனில் மலை ஏறுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுசர், கண்ணாடிப் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார்.

"எத்தன பேரு போறீங்க?"

"நான் மட்டும்தான்."

"அப்ப இந்தப் பெரிய கரச்சல் என்னத்துக்கு? எண்ணெ ஊத்தி, பம்ப் அடிச்சி... ஒருத்தருக்குன்னா காஸ்தான் சரி. பாரமில்ல, டக்குன்னு சுடும்."

நான் மூன்று மாதம் தொண்டை கிழியச் சொன்ன அதே நியாயம், அக்கா. ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஒருவழியாக நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் பக்கத்தில் நின்று "டின் முடிஞ்சா?" என்று கேட்க ஆள் இல்லை. எதிர்த்துப் பேச ஒருத்தி இல்லாத இடத்தில் என் நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்துவிட்டேன். தெருவிலேயே அழுதேன். வெயிலில் கண் கூசுகிற மாதிரிச் சீலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரமே உங்கள் தங்கைக்குப் போன் எடுத்தேன்.

"சிவப்புப் போத்திலோ? ஓம், கிடக்கு. குடிக்கப்படாது எண்டு எழுதிக் கிடந்தது, பூச்சி மருந்தாக்கும் எண்டு உயரத்தில வச்சிட்டன்" என்றார். அனுப்புகிறேன் என்றும் சொன்னார். பிறகு இதையும் சொன்னார்:

"அதோட ஒரு தோள் பை கிடந்தது, அடுக்கினபடி. மழைக்கோட்டு, தேயிலை, அட்டை கடிக்காமல் காலில பூசுற சவர்க்காரம். ஒரு காஸ் டின்னும் கிடக்கு, புதுசு, திறக்கேல்ல. டின்னை பஸ்ஸில ஏத்தமாட்டினம். அக்கா எங்கயோ போக வெளிக்கிட்டிருக்கிறா போல. ஆரோட எண்டுதான் எங்களுக்குத் தெரியேல்ல."

அவர் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தரம் கூப்பிட்டார்.

"என்கூடத்தாங்க" என்றேன்.

இப்போது பின்வாசல் படியில் இருந்துதான் இதை எழுதுகிறேன். பம்புக்குள் இருக்கிற தோல் வளையம் காய்ந்துபோயிருந்தது, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். தெருமுனைக் கடையில் வாங்கிய மண்ணெண்ணெயைப் போத்தலில் ஊற்றினேன். பாத்திரத்துக்குச் சவர்க்காரம் பூசினேன். பித்தளைத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கையால் பம்ப் அடித்து, மற்றக் கையால் தகரம் பிடித்தேன், காற்று இரண்டு தரம் அணைத்தது. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. புகைந்தது, கண் கரித்தது, நான் ஒன்றும் திட்டவில்லை. தண்ணி கொதிக்க அதே கால் மணித்தியாலம்தான். பேச ஆளில்லாததால் பேனாவை எடுத்தேன்.

சனிக்கிழமை ஹந்தானைக்குப் போகிறேன். விடிந்ததும் ஏறி, வெயிலுக்கு முதல் இறங்கிவிடுவேன். தனி ஆளுக்கு இந்த அடுப்பு பாரம், கடைக்காரர் சொன்னது முழுக்கச் சரி. இருந்தாலும் அடுப்பும் போத்தலும் இந்த முறை ஒரே பையில், என் பையில் போகின்றன. போத்தலைத் தண்ணிப் போத்தலிலிருந்து எட்ட வைத்திருக்கிறேன். பிளாஸ்டரை வாசித்தும் கொள்கிறேன்.

காஸ் வாங்கினால் வருகிறேன் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் வாங்கி வைத்துவிட்டீர்கள், அக்கா. இனி நான் போகாமல் இருக்க முடியாது.