வாழைப்பழம் வேண்டாம் என்றவளுக்கு

இன்று காலை கூடத்து விளக்கின் ரிமோட் வேலை செய்யவில்லை. கடைக்குப் போய்ப் புது வட்டப் பேட்டரி வாங்கி வந்தேன். பின்மூடியின் குட்டி ஸ்க்ரூவைக் கழற்றி, பழையதை எடுத்ததும் முதல் வேலையாக அதன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டினேன். புதியதைப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கிய பிறகும் மனம் அடங்கவில்லை. மூடியை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். வரவில்லை. மறுபடியும் நெம்பினேன். இரண்டாம் வகுப்புக்குப் போகும் தியா சீருடையோடு நின்று, "நான் என்ன பாப்பாவாம்மா?" என்று சிரித்தாள். டேப் விரலில் ஒட்டியபடி, உன்னை நினைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

அப்போது சிட்லபாக்கத்தில் நமக்கு எதிரெதிர் வீடு. அந்தக் குடியிருப்பில் உனக்கு 'டென்ஷன் பார்ட்டி' என்று பெயர். லேசாக கேஸ் வாடை வந்தால் எல்லார் கதவையும் தட்டுவாய். யார் பிள்ளை மொட்டைமாடிச் சுவரில் ஏறினாலும் கீழேயிருந்து கத்துவாய். "உனக்குச் சும்மா இருக்கவே தெரியாதா?" என்று நானே கேட்டிருக்கிறேன். "தெரியாது" என்பாய், கொஞ்சமும் கோபமில்லாமல்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் ஸ்பீக்கர் ரிமோட்டுக்குப் பேட்டரி மாற்றினார். தட்டையான சின்ன ரிமோட். ஸ்க்ரூ கிடையாது, நகத்தால் இழுத்தாலே பேட்டரி வெளியே வந்துவிடும். பழையதை சோபாக் கைப்பிடியில் வைத்துவிட்டு, போன் வந்ததென்று பால்கனிக்குப் போனார். திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை. ஒன்றரை வயது தியா பக்கத்தில் உட்கார்ந்து எச்சில் வடித்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் சோபாவுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் நீ உறைமோர் கேட்டுக் கிண்ணத்தோடு வந்தாய். விஷயத்தைச் சொன்னோம்.

"முழுங்கியிருந்தா தானா வெளிய வந்துடும். ஒரு வாழைப்பழம் குடுத்தா போதும்" என்றார் அவர். நான் பழத்தை உரித்தே விட்டேன். நீ அதை என் கையிலிருந்து பிடுங்கினாய்.

"வாழைப்பழம் வேணாம். வாந்தி எடுக்கவும் வைக்காத. எக்ஸ்ரே எடுக்கணும், கெளம்பு."

"செத்துப்போன பேட்டரிதானே?"

"ரிமோட்டுக்குத்தான் செத்துப்போச்சு. தொண்டைல மாட்டிக்கிட்டா உள்ள சுட்டுடும்டி. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் குழந்தைக்கு ஆயிருக்கு."

"பாப்பா நல்லாத்தானே மூச்சு விடறா? இன்னும் கொஞ்சம் தேடிப் பாத்துட்டு…" என்று இழுத்தார் அவர்.

"நீங்க தேடுங்க சார். நாங்க போறோம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நீ படியிறங்கிவிட்டாய். உன் பின்னால் நான் ஓடினேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோ நின்றுவிட்டது. "இன்னாம்மா பண்றது, முன்னால பஸ் நின்னுகினு கீது" என்றார் ஓட்டுநர். தியாவை என் மடியில் போட்டுவிட்டு நீ இறங்கி ஓடினாய். வண்டிகளின் மேல் தட்டித் தட்டி, "கொழந்த இருக்கு, வழி விடுங்க!" என்று நீ கத்தியது உள்ளே எனக்குக் கேட்டது. மெல்ல வழி கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில்தான் கவனித்தேன், உன் காலில் ஒற்றைச் செருப்புதான் இருந்தது.

எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஒரு வட்டம். காசு என்றுதான் நினைத்தேன். "ஓரத்துல ரெட்டை வளையம் தெரியுது பாருங்க. பட்டன் பேட்டரி. உணவுக்குழாய்ல மாட்டியிருக்கு, உடனே எடுக்கணும்" என்றார் டாக்டர். குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். என் கணவர் வந்து சேர்ந்து சுவரைப் பார்த்தபடி நின்றார். நீ வராந்தாவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தாய். டாக்டர் வெளியே வந்து, "எடுத்தாச்சு. உள்ள புண்ணு ஆரம்பிச்சிருக்கு, ஆறிடும். லேட்டாகியிருந்தா ஓட்டையே விழுந்திருக்கும்" என்ற பிறகுதான் நீ நடப்பதை நிறுத்தினாய். தரையில் உட்கார்ந்து, அத்தனை பேர் நடுவே, ஓவென்று அழுதாய்.

சில நாள் மூக்குக்குழாய் வழியாகத்தான் தியாவுக்குப் பால். பிறகு தேறிவிட்டாள். அதன் பின் குடியிருப்பில் யாரும் உன்னை அந்தப் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

போன வருடம் நெஞ்சு அடைத்து உன் உயிர் போனபோது நீ வீட்டில் தனியாக இருந்தாய். முந்தின நாள் போனில், "கேஸ்தான், சரியாயிடும்" என்றாயாம். உன் தங்கை சொன்னாள். நீயா அப்படிச் சொன்னாய்? இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. நாங்கள் அஸ்தினாபுரத்துக்கு மாறிவிட்டிருந்தோம். உன்னைக் கையைப் பிடித்துப் படியிறக்க எதிர்வீட்டில் யாரும் இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து நடக்கிறேன்.

சென்ற வாரம் ராஜகீழ்ப்பாக்கத்தில் நாத்தனாரின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். யாரோ பரிசளித்த பாட்டுப் பாடும் பொம்மை வாத்தைக் குழந்தை வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அதன் அடிமூடி ஆடியது, ஸ்க்ரூ இல்லை. வாங்கிக்கொண்டேன். வீறிட்டு அழுதான்.

"எல்லாரும் பாக்கறாங்க அண்ணி. எதுக்கு இந்தப் பேஜாரு? குடுத்துடுங்களேன்" என்றாள் நாத்தனார்.

முன்பெல்லாம் இப்படி நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நான் கூசிப்போவேன். அன்று கூசவில்லை. "மூடிக்கு ஸ்க்ரூ போட்டுட்டுத் தரேன்" என்று வாத்தைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டே போய் நின்று, எல்லாரோடும் கைதட்டினேன்.